ஐந்தில் மூன்று, நூற்றில் எத்தனை?

(அல்லிநகரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என்னை அழைக்க வீட்டுக்கு வந்தவர்கள், கணக்கு சம்பந்தமாக எதை வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். பின்னத்தை விழுக்காடாக மாற்றக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஒருவருக்கு முகம் வாடிவிட்டது. "ஐயா, அது ஏழாம் வகுப்புப் பாடம்தானே? அதில் ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?" என்றார். முப்பத்து நான்கு வருடம் அதை நடத்தியிருக்கிறேன், இன்னும் முடியவில்லை என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

இந்தக் கூட்டமே ஒரு விழுக்காட்டுக் கணக்கில்தான் நடக்கிறது. அறக்கட்டளை என்றால் முதலைத் தொடக்கூடாது. அது வங்கியில் கிடக்கும். அதிலிருந்து வருகிற வட்டிதான் இந்த மேடை, ஒலிபெருக்கி, சற்று முன் குடித்த தேநீர், எனக்குப் போர்த்திய துண்டு எல்லாம். இது புது ஏற்பாடு அல்ல. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்தில் கல்லில் வெட்டிவைத்ததும் இதே ஏற்பாடுதான். கோயிலுக்குக் கொடுத்த காசை ஊர்ச்சபைகள் வாங்கிக்கொள்ளும். வருடாவருடம் பொலிசை கட்டும். பொலிசை என்றால் வட்டி. எவ்வளவு பொலிசை? காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. நெல்லாகக் கொடுப்பவர்கள் காசுக்கு முக்குறுணி நெல் அளக்க வேண்டும். அப்போது காசுக்கு இரண்டு கலம் நெல். கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி, ஆக இருபத்து நான்கு குறுணி. அதில் மூன்று என்றால் எட்டில் ஒன்று. அதே அரைக்கால். இன்றைய வங்கி மொழியில் அது பன்னிரண்டரை விழுக்காடு. கல்வெட்டில் நூறு என்ற பேச்சே இல்லை. எட்டு என்ற எண்கூட இல்லை. 'அரைக்கால்' என்ற ஒரே சொல். அதைக் கேட்டால் ஊரில் எல்லோருக்கும் விளங்கியிருக்கிறது.

நம் வகுப்புக்கு வருவோம்.

கரும்பலகையில் ஐந்தில் மூன்றை எழுதுகிறோம். மேலே மூன்று, நடுவில் கோடு, கீழே ஐந்து. சதவீதமாக மாற்றுக. பிள்ளைகள் பாட்டாகச் சொல்வார்கள்: "மூணு பை அஞ்சு இன்ட்டு நூறு." அஞ்சுக்கும் நூறுக்கும் ஒரு அடி, இருபது; மூவிருபது அறுபது. சரியான விடை, முழு மதிப்பெண். ஒருநாள் விடை எழுதிய பையனிடம், "அறுபதுன்னா என்னடா?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். "ஆன்சர் சார்" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவனைப் பொறுத்தவரை அது விடை மட்டும்தான். அதற்கு வெளியே எந்தப் பொருளும் இல்லை. அதனால்தான் இன்னொருத்தி ஐந்தையும் மூன்றையும் தலைகீழாகப் போட்டு நூற்று அறுபத்தாறு என்று எழுதிவிட்டு, உறுத்தலே இல்லாமல் அடுத்த கணக்குக்குப் போகிறாள். ஒரு முழுமையில் ஒரு பகுதி, முழுமையைவிடப் பெரிதாக எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஐந்தில் ஒன்று என்றால் ஐந்து விழுக்காடு என்று எழுதுகிறவர்கள் வகுப்புக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். நாலில் ஒன்றைப் பதினான்கு விழுக்காடு என்று எழுதியவனையும் பார்த்திருக்கிறேன். ஒன்றையும் நாலையும் ஒட்டிவிட்டான், அவ்வளவுதான். முதல் பதினைந்து வருடம் நானும் "இன்ட்டு நூறு" என்றே நடத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

என் கண்ணைத் திறந்தவன் கணக்கில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன். அவனுடைய அம்மா போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போவார். அம்மா எட்டாயிரம் கடன் வாங்கியிருந்தார், மூணு வட்டிக்கு. மாசம் எவ்வளவுடா கட்டணும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "இருநூத்தி நாப்பது சார்" என்றான், கண் இமைக்கவில்லை. எப்படிச் சொன்னாய் என்றேன். "நூத்துக்கு மூணு, ஆயிரத்துக்கு முப்பது, எட்டு முப்பது இருநூத்தி நாப்பது." அடுத்த நாள் வகுப்பில் எட்டாயிரத்தில் மூன்று சதவீதம் காண்க என்று அதையே பலகையில் எழுதினேன். எழுந்து நின்றான். சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தான். வரவில்லை.

பிரேசிலில் ரெசிஃபே என்ற ஊரில் தெருவில் தேங்காயும் எலுமிச்சையும் விற்கிற பிள்ளைகளிடம் இதே சோதனையைச் செய்து 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடைத்தெருவில் கேட்டபோது நூற்றுக்கு 98 கேள்விக்கும் மேல் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே கணக்கைக் காகிதத்தில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37ஐத்தான் தொட்டார்கள். புகழ்பெற்ற ஆய்வு. ஆனால் 98 என்றதும் நாம் உடனே கேட்க வேண்டியது "எதில்?" என்பது. அங்கே சோதித்தது ஐந்தே பிள்ளைகளை. அதற்காக ஆய்வு பொய்யாகிவிடாது. இருந்தாலும் கேட்டுவிட்டு நம்ப வேண்டும். இந்த "எதில்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான்.

3/5 என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? ஐந்தில் மூன்று. முழுமை முதலில் வருகிறது, பகுதி பின்னால். ஐந்து பங்கை முன்னால் வை, அதில் மூன்றை எடு. செய்ய வேண்டிய வேலையின் வரிசையிலேயே சொல்லும் இருக்கிறது. அறுபது விழுக்காடு என்பதைத் தமிழில் விரித்தால் என்ன? நூற்றில் அறுபது. வாக்கிய அமைப்பு அச்சு மாறாமல் அதே. அப்படியானால் மாற்றுவது என்றால் என்ன? "ஐந்தில் மூன்று என்றால் நூற்றில் எத்தனை?" இவ்வளவுதான் பாடம். கேள்வியிலேயே வழி கிடக்கிறது. நூற்றுக்குள் ஐந்து இருபது முறை இருக்கிறது. ஒவ்வொரு ஐந்துக்கும் மூன்று. இருபது மூன்று அறுபது.

"மூணு பை அஞ்சு" என்றபோது இந்த 'இல்' காணாமல் போயிற்று. பை என்ற ஒலி தமிழ்ப் பிள்ளைக்கு எதையும் காட்டாது. கடைக்கு எடுத்துப்போகும் பையை வேண்டுமானால் காட்டலாம். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்தான். அந்த மொழியில் பகுதியை முதலில் சொல்லி முழுமையைப் பின்னால் சொல்கிறார்கள். கொரிய மொழியில் நம்மைப் போலவே முழுமை முதலில் வரும். கொரியப் பிள்ளைகள் பள்ளியில் பின்னம் படிப்பதற்கு முன்பே படத்தோடு பின்னத்தைப் பொருத்துவதில் அமெரிக்கப் பிள்ளைகளை முந்தினார்கள் என்று 1999இல் ஓர் ஆய்வு சொன்னது. 2003இல் வேறு இருவர், அமெரிக்கப் பிள்ளைகளிடமே "நாலு பங்கில் ஒன்று" என்கிற மாதிரி சொல்லிப் பார்த்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். பிள்ளையின் மூளையில் குறை இல்லை, நாம் சொல்கிற சொல்லில்தான் குறை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நமக்கோ அந்தச் சொல் தாய்ப்பாலோடு வந்தது. அதைப் பள்ளி வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கச் சொல்கிறோம்.

நான் வகுப்பில் புளியங்கொட்டையைக் கொண்டுவந்தேன். நம் சாலையோரத்தில் புளியமரத்துக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கு நூறு கொட்டை. "அஞ்சு குவியலாப் பிரி." குவியலுக்கு இருபது. "மூணு குவியலைத் தள்ளு. எத்தனை?" அறுபது. இப்போது அறுபது என்றால் என்ன என்று கேட்டால், கையால் தொட்டுக் காட்டுகிறார்கள். பத்துக் குவியல், நாலு குவியல், இருபது குவியல் எல்லாம் சுலபம். எட்டுக் குவியல் போடச் சொன்னேன். பன்னிரண்டு பன்னிரண்டாக வைத்துவிட்டு, "நாலு கொட்டை மிச்சம் சார்" என்றார்கள். நாலை எட்டாக்கு. ஒருவன் கல்லால் தட்டி உடைத்தான். பன்னிரண்டரை. ராஜராஜன் கோயில் பொலிசை அன்று எங்கள் வகுப்புத் தரையில் கிடந்தது.

மூன்று குவியல் போடச் சொன்ன நாள்தான் கலவரம். முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று, ஒன்று மிச்சம். அதை மூன்றாக உடை. கொட்டை இரண்டாகப் பிளக்கும், மூன்றாகப் பிளக்குமா? "முப்பத்தி மூணும், ஒரு கொட்டையில மூணுல ஒண்ணும்" என்று ஒரு பெண் எழுதினாள். புத்தகத்தில் 33.33 என்று போட்டிருக்கிறது சார் என்றான் பக்கத்தில் இருந்தவன். இருவரில் யார் சொன்னது சரி? அவள் சொன்னதுதான் துல்லியம். அவன் சொன்னது நடந்துகொண்டே இருக்கிற ஒன்றைப் பாதிவழியில் நிறுத்தியது.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். நம் பழைய தமிழ்ப் பின்னப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கால், அரை, முக்கால் தெரியும். அரைக்கால் எட்டில் ஒன்று. மாகாணி, அதாவது வீசம், பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று, இருமா பத்தில் ஒன்று, நாலுமா ஐந்தில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. அரைக்காணி நூற்று அறுபதில் ஒன்று. முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி. இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் சேர்ந்தால் பதினாறில் ஒன்று ஆகிறதா என்று வீட்டுக்குப் போய்க் கூட்டிப் பாருங்கள், ஆகும். பெயரே கூட்டல் கணக்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் பண்ணிய பிள்ளைகள் இதையெல்லாம் வாயாலேயே பெருக்கினார்கள்.

இவற்றை விழுக்காடாக்கிப் பாருங்கள். மா ஐந்து விழுக்காடு. இருமா பத்து. நாலுமா இருபது. காணி ஒன்றேகால். மாகாணி ஆறேகால். முந்திரிகூட 0.3125 என்று அழகாக முடிந்துவிடுகிறது. எதுவும் புள்ளிக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. காரணம், இந்தப் பின்னங்களின் அடியில் இருப்பதெல்லாம் இரண்டும் ஐந்தும் மட்டுமே. முந்நூற்று இருபது என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் சேர்த்துப் பெருக்கியது. நூறும் இரண்டு இரண்டுகளும் இரண்டு ஐந்துகளும்தானே? இரண்டும் ஒரே குடும்பம். நம் முன்னோர் விழுக்காட்டுக்கு என்று திட்டமிட்டு இதைச் செய்தார்கள் என்று மேடை முழக்கம் செய்ய மாட்டேன். பாதியாக்குவதும் கை விரலும் சேர்ந்து விளைந்த ஏற்பாடு, நூறோடு தானாகப் பொருந்திப் போயிற்று.

மூன்றில் ஒன்றுக்கு மட்டும் அந்த வரிசையில் தனிப் பெயர் கிடையாது. பெயர் இருப்பவற்றை வைத்து அதை நெருங்கிப் பார்க்கலாம். கால், அதோடு மா, அதோடு அரைமா, அதோடு அரைக்காணி. முந்திரிக் கணக்கில் எண்பது, பதினாறு, எட்டு, இரண்டு. ஆக நூற்று ஆறு முந்திரி. முந்நூற்று இருபதில் மூன்றில் ஒரு பங்கு நூற்று ஆறும் மூன்றில் இரண்டும். ஒரு முந்திரிக்குள்ளும் அந்த மூன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் வகுப்பில் உடைபடாமல் கிடந்த அதே புளியங்கொட்டை.

ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலம் இந்த மாகாணிக் கணக்கின் கடைசிக் காலம். அணா என்றால் ரூபாயில் வீசம். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. ரூபாய் நூறாகப் பிரிந்தது. அன்றைக்கு நாடு முழுக்க ஒரு பெரிய பின்னம்-விழுக்காடு பாடம் நடந்தது என்றே சொல்வேன். ஓரணா ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. ஆகவே ஆறு என்று கொள்ளலாம் என்றார்கள். இரண்டணா பன்னிரண்டு. மூன்றணா பத்தொன்பது. நாலணா இருபத்தைந்து. மூன்று ஓரணாவைத் தனித்தனியாக மாற்றினால் பதினெட்டு, சேர்த்து மாற்றினால் பத்தொன்பது. சந்தையில் இதற்காகச் சண்டை நடந்ததாக என் அப்பா சொல்வார். இருபத்தைந்து பைசா நாணயமே 2011இல் செல்லாமல் போயிற்று, நாங்கள் இன்னும் நாலணா என்றுதான் சொல்கிறோம்.

பின்னமும் விழுக்காடும் ஒரே ஆளின் இரண்டு பெயர் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று வட்டியில்தான் இருக்கிறது. அர்த்தசாஸ்திரம் நியாயமான வட்டி என்று சொல்வது நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம். மனு நூல் சொல்வது எண்பதில் ஒரு பங்கு. ஒருவர் விழுக்காடாகச் சொன்னார், மற்றவர் பின்னமாகச் சொன்னார், தொகை ஒன்றுதான். தமிழில் அதற்குக் காணி என்று ஒரே சொல் போதும். அர்த்தசாஸ்திரம் மேலும் போகிறது: வியாபாரிக்கு ஐந்து, காட்டு வழி போகிறவருக்குப் பத்து, கடலோடிக்கு இருபது. மா, இருமா, நாலுமா. காட்டில் கள்ளர், கடலில் புயல். ஆபத்து இரட்டிக்க இரட்டிக்க வட்டியும் இரட்டிக்கிறது. இந்தப் பகுதியை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கதை கேட்பதுபோலக் கேட்பார்கள். ரோமில் அகஸ்டஸ் காலத்தில் ஏலச் சரக்குக்கு நூற்றில் ஒரு பங்கு வரி போட்டதும், பின்னால் இத்தாலிய வணிகர்களின் கணக்கேட்டில் நூற்றுக்கு என்று எழுதி எழுதிச் சுருங்கி இரண்டு சுழியும் ஒரு சாய்கோடுமாக விழுக்காட்டுக் குறி பிறந்ததும் இதே கடைத்தெருக் கதைதான்.

நூற்றில் என்றேன், நூற்றுக்கு என்றும் சொன்னேன். இரண்டும் ஒன்றா? இங்கேதான் தமிழ் நமக்குச் செய்திருக்கிற பெரிய உதவியை நாம் வீணடிக்கிறோம். "நூத்துல அஞ்சு" என்றால் அந்த ஐந்து நூற்றுக்கு உள்ளே இருக்கிறது. நூறு மிளகாய்ச் செடியில் ஐந்து பட்டுப்போயிற்று என்பதுபோல. "நூத்துக்கு அஞ்சு" என்றால் பெரும்பாலும் வெளியே நின்று சேர்கிறது. ஓட்டலில் நூறு ரூபாய்க்குச் சாப்பிட்டால் ஐந்து ரூபாய் ஜிஎஸ்டி, மொத்தம் நூற்று ஐந்து. பதினெட்டு விழுக்காடு வரி போட்ட பொருளை 118 ரூபாய்க்கு வாங்கினால், கொடுத்த காசில் வரி எவ்வளவு? பதினெட்டு விழுக்காடு என்று பெரியவர்களே சொல்வார்கள். நூற்றுக்குத்தான் பதினெட்டு. 118இல் பதினெட்டு என்றால் பதினைந்தேகாலை ஒட்டித்தான் வரும்.

சந்தையில் பூண்டு விற்கிற அம்மாவிடம் கேளுங்கள். "நாலுக்கு ஒண்ணு நிக்கும்பா" என்பார். நாலு ரூபாய் முதலுக்கு ஒரு ரூபாய் லாபம். முதலை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து விழுக்காடு. விற்ற காசை வைத்துப் பார்த்தால் ஐந்தில் ஒன்று, இருபது விழுக்காடு. நாலுக்கு ஒன்றுதான் ஐந்தில் ஒன்று. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு லாப நட்டக் கணக்கில் பாதி முடிந்தது. ஆனால் 'க்கு' எப்போதும் வெளியே நிற்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. கமிஷன் மண்டியிலும் நூத்துக்குப் பத்து என்கிறார்கள். அந்தப் பத்து விவசாயியின் நூற்றுக்கு உள்ளிருந்து போகிறது, அவர் கைக்குத் தொண்ணூறுதான் வரும். உள்ளேயா வெளியேயா என்று கேட்கத்தான் வேண்டும்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பத்து வட்டிக்காரர் இருக்கிறார். பத்தாயிரம் கடன். முதல் மாத வட்டி ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார். வாங்கியது ஒன்பது, வட்டி ஒன்று. ஒன்பதுக்கு ஒன்று, அதாவது மாதம் பதினொன்றும் சொச்சமும். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று பெருக்கினால் தலை சுற்றும். அதீத வட்டியைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் ஒன்பதுக்கு ஒன்று என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். என் கடைசி பெஞ்சுப் பையன் அந்தக் கணக்கைப் போட்டு அம்மாவிடம் காட்டினான். அவர், "தெரியும்டா, வேற யாரு குடுப்பா?" என்றாராம். அதற்கு என்னிடம் பாடம் இல்லை.

ஆடி மாதம் துணிக்கடை வாசலில் ஐம்பதும் இருபதும் தள்ளுபடி என்று கொட்டை எழுத்தில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். எழுபது என்று நினைத்து உள்ளே போகிறோம். ஐம்பது போனபின் மிஞ்சிய ஐம்பதில் இருபது விழுக்காடு வெறும் பத்துதான். ஆக அறுபது. நகைக்கடையில் 916 என்று முத்திரை. இருபத்து நாலு காரட்டில் இருபத்திரண்டு, பன்னிரண்டில் பதினொன்று. பன்னிரண்டுக்குள் மூன்று ஒளிந்திருக்கிறது, ஆகவே 91.666 என்று ஓடும். ஆயிரத்தில் 916 என்று வெட்டி முத்திரை குத்திவிட்டார்கள். பதினெட்டு காரட் நாலில் மூன்று. 750 என்று சுத்தமாக நின்றுவிட்டது.

நம் கம்பம் பள்ளத்தாக்குக்கே உரிய கணக்கு ஒன்று இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையின் முழு நீர்மட்டம் 152 அடி. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. நம் வீடுகளில் பெண்டு பிள்ளைகளுக்குக்கூட 142, 152 மனப்பாடம். (142இல் பாதி 71. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. இது தற்செயல், ஜோசியம் பார்க்க வேண்டாம்.) அணையில் 128 அடி தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை விழுக்காடு? 152இல் 128, எண்பத்து நாலு விழுக்காடு. அடேயப்பா, அணை நிறைந்துவிட்டது என்று பத்திரிகை படிக்கிறவர் நினைப்பார். ஆனால் 104 அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரை நாம் எடுக்க முடியாது; தண்ணீரை நம் பக்கம் கொண்டுவரும் சுரங்கத்தின் வாய் அதற்கு மேலேதான். 152 வரை நிறைந்தால் நமக்குக் கிடைக்கக்கூடியது 104க்கு மேல் உள்ள 48 அடி. அந்த 48இல் நிற்பது 24. பாதி. ஒரே தண்ணீர், ஒரே நாள். ஒரு விழுக்காடு எண்பத்து நாலு, இன்னொன்று ஐம்பது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கு எந்த விழுக்காடு வேண்டும்?

இந்தக் கணக்கைப் பலகையில் போட்டபோது கூடலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "சார், உயரத்துல பாதின்னா தண்ணியில பாதி இல்ல சார். அடியில குறுகலு, மேல அகலம்." அவன் சொன்னது சரி. மேலே இருக்கிற ஓர் அடியும் கீழே இருக்கிற ஓர் அடியும் ஒரே தண்ணீர் அல்ல. அப்படிப் பார்த்தால் பாதி உயரத்தில் பாதியைவிடக் குறைவான தண்ணீர்தான் நிற்கும். வைகை அணையின் முழுக் கொள்ளளவை 6,091 மில்லியன் கன அடி என்று போடுகிறார்கள். முப்பத்தைந்தரை அடியில் அதில் பாதி இருக்கும் என்று நம்பி நாற்று விடுகிறவர் யாரும் இந்தப் பக்கம் இல்லை. எங்கள் வகுப்பில் மூன்றாவது "எதில்" அன்றைக்கு வந்தது. நான் சொல்லிக்கொடுத்ததல்ல.

பிள்ளைகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நாங்கள் மட்டும் யோக்கியமா? ஆசிரியர் கூட்டத்தில் ஒரு முறை தேர்ச்சி விழுக்காடு கேட்டார்கள். ஒரு பிரிவில் 25 பேரில் 20, எண்பது. இன்னொன்றில் 60 பேரில் 30, ஐம்பது. கூட்டி இரண்டால் வகுத்து அறுபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டோம். 85 பேரில் 50 பேர்தான் தேறியிருந்தார்கள். ஐம்பத்தொன்பதைத் தொடாத எண். அந்தக் கையெழுத்துகளில் இரண்டு கணக்காசிரியர்களுடையவை.

பணி ஓய்வுக்குப் பிறகும் மாலையில் சில பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழரை விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "தாத்தா, க.விலக்கு மெடிக்கல் காலேஜ்ல நூறு சீட்டு. அதுல ஏழரைப் பேரு எப்படித் தாத்தா சேருவாங்க? அந்த அரை ஆளு யாரு?"

கொட்டையை எடுத்து வைத்தோம். ஏழரை என்றால் மாவும் அரைமாவும், நாற்பதில் மூன்று. நாற்பது கட்டம் போட்டு மூன்றில் மை தீட்டினாள். அரை ஆள் ஒழிந்தார். பிறகு நான்தான் குட்டையைக் குழப்பினேன். நூறில் பதினைந்து அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மாநிலத்துக்கு மிஞ்சுவது எண்பத்தைந்து. ஏழரை அதில்தான் என்றேன். உண்மையில் மாநிலம் முழுவதுக்கும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள் என்பதையும் சொன்னேன். அவள் கேட்கவில்லை, க.விலக்குக்கு மட்டும் போட்டே தீருவேன் என்றாள். நாற்பதுக்கு மூன்று, எண்பதுக்கு ஆறு, மிச்சம் ஐந்து. ஐந்துக்கு? நாற்பதில் எட்டில் ஒரு பங்கு ஐந்து. அப்படியானால் மூன்றில் எட்டில் ஒரு பங்கு. நோட்டில் 6.375 என்று எழுதினாள்.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அக்காவுக்குப் பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. என்னடி அது, ஆறு புள்ளி மூணு ஏழு அஞ்சு என்று கேட்டார். சிறுமி நூறு கொட்டையைக் காட்டி விளக்கினாள். அக்கா கொஞ்ச நேரம் உலக்கையை நிறுத்தினார்.

"ஆறேகாலே அரைக்கால்னு சொல்லு" என்றார்.

அந்தப் பெண் நோட்டைத் திருப்பி, புள்ளிக்குப் பின்னால் இருந்ததைக் கால் தனியாக, அரைக்கால் தனியாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்குள் காப்பி வந்துவிட்டது.